பன்மையர் உருவாவது எப்படி? மனவடு மட்டும்தான் வழியோ?

வடலி:
ஒரே உடம்பில் பலராக வாழும் நிலை சிறுவயது மனவடுவால் (ட்ரோமா) மட்டும்தான் வரும். குழந்தைக்குப் பயம், பாசம், கோபம் எல்லாம் தனித்தனி நிலைகள். வளர வளரத்தான் அவை ஒரு 'நான்' ஆகத் திரளும். பாதுகாக்க வேண்டியவரே தொடர்ந்து வதைத்தால் அது திரளாது, நிலைகளுக்கிடையில் மறதிச் சுவர் எழும்பும். பயிற்சியால் உருவாக்கினோம் எண்டு சொல்லுறவையை இதோட சேர்க்காதேங்கோ.

பனையோலை:
அண்ணை, எப்படி வந்தது எண்டது ஒரு கேள்வி, நோயா எண்டது வேற கேள்வி. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறி கையேடான டிஎஸ்எம்-5, விலகல் அடையாளக் கோளாறு (டிஐடி) எண்ட நோய்க்கு வைக்கிற நிபந்தனைகளில் மனவடுவே இல்லை. வெவ்வேறு ஆளுமை நிலைகள், நினைவு இடைவெளி, அதனால் துன்பம் அல்லது அன்றாடப் பாதிப்பு, இவைதான் முக்கியம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11உம் பல ஆளுமை நிலைகள் இருப்பது எப்போதும் நோயல்ல எண்டுதான் சொல்லுது. கோயிலில் கலை (சாமி) வந்து ஆடுறவரை நாங்கள் நோயாளி எண்டு சொல்லுறதில்லையே.

இன்னொண்டு, பன்மையர் சிலர் தங்களைச் சொல்லுற 'எண்டோஜெனிக்' எண்ட சொல்லுக்கு 'விரும்பி உருவாக்கியது' எண்டு பொருள் இல்லை. மனவடுவில் தொடங்காத எல்லாம் அதுக்குள்ள வரும். பயிற்சியால் மனதுக்குள்ள ஆக்குற இன்னொரு ஆளான 'துல்பா' அதில் ஒரு வகை மட்டும்.

வடலி:
கலை சடங்கோட வந்து சடங்கோட போகும், ஒப்பீடு பொருந்தாது. நிபந்தனையில் இல்லாட்டிலும் அதே டிஎஸ்எம்-5இன் விளக்கத்தைப் பாருங்கோ: அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவில் இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 90 வீதமானோர் சிறுவயதில் வதைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானவை.

பனையோலை:
அது நோயெண்டு கண்டறியப்பட்டவையின்ர கணக்கு. சிகிச்சைக்கே வராதவையைப் பற்றி அது ஒண்டும் சொல்லாது.

தீவான்:
உளவளத்துணை செய்யிறவை கவனிக்கவேண்டியது வேற. "உள்ளுக்க வேற ஆர் இருக்கினம், பேர் என்ன?" எண்டு முதலே கேட்டால், கேள்வியே ஆட்களை உருவாக்கிப்போடும். "நேரம் காணாமல் போறதோ, வாங்கின ஞாபகமில்லாத சாமான் வீட்டில இருக்கிறதோ" எண்டு கேளுங்கோ. 28 கேள்விகள் கொண்ட விலகல் அனுபவ அளவுகோலில் (டிஇஎஸ்) சராசரி 30ஐத் தாண்டினால் விரிவான நேர்காணலுக்கு அனுப்பவேணும், அதை வைத்து நோயெண்டு முடிவெடுக்கேலாது. வலிப்பையும் போதைப்பொருளையும் முதலில் விலக்கவேணும். தயவுசெய்து 'மனப்பிளவு' எண்டு எழுதாதேங்கோ. அது ஸ்கிசோஃப்ரினியாவுக்கு வழங்குற சொல், பிழையான மருந்தில கொண்டுபோய் விட்டிடும்.

பனையோலை:
அப்ப மனவடுவழி, மனவடுசாராதது எண்டு இரண்டு சொல் வைப்பமோ?

வடலி:
சொல்லை ஏற்கிறன், இரண்டும் ஒண்டெண்டதை ஏற்கேல்லை. ஒரே உடம்பில் இருக்கிற பலரையும் சேர்த்து ஆங்கிலத்தில் சொல்லுற 'சிஸ்டம்' எண்டதுக்கு 'அமைப்பு' வேண்டாம், இங்க அது சங்கம், நிறுவனம் மாதிரித்தான் கேட்கும். 'தொகுதி' எண்டால் தேர்தல் ஞாபகம் வரும். பன்மையர் எண்டே எழுதுவம்.