எக்செப்ட், பாஸ் போட்டேன். இப்போது கணக்கு இடிக்கிறது

கேள்வி:
தினமும் இரவில் ஒரு சிஎஸ்வி கோப்பைப் படித்து டேட்டாபேஸில் ஏற்றும் பைத்தான் ஸ்கிரிப்ட் என்னுடையது. ஒரு பதிவு கோளாறாக இருந்தால் மொத்தமும் நின்றுவிடக் கூடாதே என்று லூப்புக்குள் இருந்த அத்தனையையும் டிரையில் போட்டேன். கீழே எந்தப் பிழையானாலும் பிடிக்கும் வெறும் எக்செப்ட், அதற்குள் எதுவும் செய்யாமல் தாண்டிவிடும் பாஸ். மூன்று வாரமாக ஒரு எரர்கூட இல்லை. எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். நேற்று கணக்குப் பார்ப்பவர் கூட்டுத்தொகை குறைகிறது என்றார். லாகில் ஒன்றுமே இல்லை, எங்கே தேடுவது? அப்புறம், ஓடும்போது கன்ட்ரோல் சி அழுத்தினாலும் நிற்க மாட்டேன் என்கிறது. அதுவும் இதனால்தானா?

பதில் 1:
இதனால்தான். வெறும் எக்செப்ட், கன்ட்ரோல் சி அழுத்தினால் எழும் கீபோர்ட் இன்டரப்டையும் விழுங்கிவிடும். எக்செப்ட் எக்செப்ஷன் என்று மாற்றினால் கன்ட்ரோல் சி வேலை செய்யும், ஆனால் காணாமல் போன பதிவுகள் அப்போதும் தெரியாது. டிரைக்குள் தொகையை ஃப்ளோட் (தசம எண்) ஆக்கும் ஒரு வரி மட்டும் இருக்கட்டும். எண்ணாக மாற்ற முடியாத மதிப்பு வந்தால் எழும் வேல்யூ எரரை மட்டும் பிடியுங்கள். பிடித்ததும் பதிவின் எண்ணையும் வந்த மதிப்பையும் லாகில் எழுதுங்கள். மதிப்பை ரெப்ர் போட்டு எழுதினால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒளிந்திருந்தாலும் மாட்டிக்கொள்ளும்.

பதில் 2:
டேட்டாபேஸ் இணைப்பு அறுந்தால் அடுத்த பதிவுக்குத் தாவாதீர்கள், அதுவும் ஏறாது. 1, 2, 4 நொடி விட்டு முயலுங்கள். முடியாவிட்டால் ரோல்பேக் செய்துவிட்டு (இன்னும் உறுதியாகாத மாற்றங்களைத் திரும்ப எடுத்துவிட்டு) நிறுத்துங்கள்.

பதில் 3:
நிறுத்துவதிலும் ஆபத்து உண்டு. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டில் 64 பிட் எண் ஒன்று 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. அந்த எக்செப்ஷனைப் பிடிக்க யாரும் எழுதியிருக்கவில்லை. திசை காட்டும் கணினி தன்னையே நிறுத்திக்கொண்டது. மாற்றுக் கணினியிலும் அதே நிரல், அதே கதி. கிளம்பிச் சுமார் 40 நொடியில் ராக்கெட் போயிற்று. கொடுமை என்னவென்றால், அந்தக் கணக்கே மேலே கிளம்பிய பிறகு தேவைப்படாத ஒன்று.

கேட்டவர்:
கண்டுபிடித்துவிட்டேன். 41 பதிவுகள், ஒன்றைத் தவிர எல்லாம் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொகை. கோப்பில் '1,250.00' என்று காற்புள்ளியோடு வருகிறது, ஃப்ளோட் அதை ஏற்காது. சின்னத் தொகையெல்லாம் ஒழுங்காக ஏறியதால்தான் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. காற்புள்ளியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். மிச்சம் இருக்கும் அந்த ஒன்றில் தொகைக்குப் பதில் வெறும் '-' இருக்கிறது. அதைப் பூஜ்யம் என்று நானாக வைத்துக்கொள்ளப் போவதில்லை. கணக்குப் பார்ப்பவருக்கே அனுப்பிவிட்டேன்.