செய்தி மூலத்தைக் கூட்டினால் சார்பு குறையுமா?

வெள்ளவத்தை வாசகி (கேள்வி)

காலையில் வீரகேசரி, இரவில் சக்தி டிவி செய்தி, இடையில் யூடியூப் அரசியல் அலசல், குடும்ப வட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறவை. கொழும்பில் பல தமிழ் வீடுகளில் செய்தி என்றால் இவ்வளவுதான். நாங்கள் ஏற்கெனவே நம்புவதைத்தான் இவை திரும்பத் திரும்பச் சொல்லி இறுக்குகின்றன என்று படுகிறது. "மற்றப் பக்கத்தையும் பாருங்கோ" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது உண்மையில் வேலை செய்யுமா? செய்யுமென்றால் எதை, எவ்வளவு, எப்படிப் பார்ப்பது? சிங்களம் கதைப்பேன், வாசிக்கத் தடுமாறுவேன்.

கடைசிப்பக்கம்

முதலில் பத்திரிகைப் பெயரை எண்ணாமல் முதலாளியை எண்ணுங்கள். தினகரன், தினமின, டெய்லி நியூஸ் மூன்றும் லேக் ஹவுஸ்; 1973 முதல் அரசின் கையில். வசந்தமும் நேத்ராவும் அரச தொலைக்காட்சிகளின் தமிழ் அலைவரிசைகள். சக்தியும் சிரசவும் ஒரே குழுமம், சூரியன் எப்.எம்மும் ஹிருவும் இன்னொன்று. தமிழ் மிரர், லங்காதீப, டெய்லி மிரர் மூன்றும் விஜய நியூஸ்பேப்பர்ஸ். காலையில் தினகரனும் இரவில் வசந்தமும் பார்க்கிறவர் இரண்டு மூலம் வைத்திருப்பதாக நினைத்தால் அது கணக்கில் பிழை. எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பும் கொழும்பு ஆய்வு நிறுவனமான வெரிட்டே ரிசர்ச்சும் 2018இல் இலங்கை ஊடக உரிமையாளர் விபரத்தைத் தொகுத்து இணையத்தில் போட்டிருக்கின்றன. அதற்குப் பிறகு கைமாறியவையும் இருக்கும், ஆனாலும் தொடங்க நல்ல இடம்.

உரிமையாளர் ஒருவர் என்பதால் குரலும் ஒன்று என்று எடுக்கவும் கூடாது. சிங்களத் திவயினவும் ஆங்கிலத் தி ஐலண்டும் உபாலி குழுமம்தான். ஒரே விடயத்தை இரண்டிலும் வாசித்தால் வாசகர் மாற, கதையும் எவ்வளவு மாறுகிறது என்று விளங்கும். இந்த ஊரில், எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் அல்கோரிதத்தை விடப் பெரிய சுவர் மொழிதான் என்பது என் அபிப்பிராயம்.

நூலகத்து மூலை

"மற்றப் பக்கத்தையும் பார்" என்ற அறிவுரை அரைவாசிதான் சரி. 2018இல் சமூகவியலாளர் கிறிஸ் பெய்லின் ஆய்வுக் குழு அமெரிக்க ட்விட்டர் பாவனையாளர்களுக்குக் காசு கொடுத்து, எதிர்த்தரப்புக் கருத்துகளை மட்டும் பகிரும் கணக்கொன்றை ஒரு மாதம் பின்தொடர வைத்தது. குடியரசுக் கட்சியினர் முன்னரை விட இறுகிப்போனார்கள். 2020 செப்டெம்பரில் அரசியல் ஆய்வாளர்கள் புரூக்மனும் கல்லாவும் வலதுசாரி ஃபொக்ஸ் நியூஸ் பார்ப்பவர்களுக்கு மணிக்கு 15 டொலர் கொடுத்து, வாரத்துக்கு 7 மணித்தியாலம் வரை சி.என்.என் பார்க்க வைத்தார்கள். அவர்களின் நம்பிக்கைகள் சில அசைந்தன. ஏனென்றால் ஃபொக்ஸ் காட்டாமலே விட்ட விடயங்கள் முதன்முறையாகக் கண்ணில் பட்டன. காசு நின்றதும் பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது: எதிர்த்தரப்பின் அபிப்பிராயத்தைக் கேட்டால் மனம் மூடிக்கொள்கிறது, எதிர்த்தரப்பின் செய்தியைக் கேட்டால் கொஞ்சம் திறக்கிறது. ஆகவே திவயினவின் ஆசிரியர் தலையங்கத்தில் தொடங்காதீர்கள், இரத்தம் கொதிப்பதுதான் மிச்சம். உள்நாட்டுச் செய்திப் பக்கத்தில் தொடங்குங்கள்.

இன்னொரு பொறி. 1985இல் வலோன், ரொஸ், லெப்பர் என்ற மூன்று உளவியலாளர்களும் 1982 பெய்ரூட் படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிப் பதிவுகளை இஸ்ரேல் ஆதரவாளர்களுக்கும் அரபு ஆதரவாளர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். இரு பகுதியும் "இது எங்களுக்கு எதிரானது" என்றது. அதனால் ஒரு செய்தி உங்களுக்கு எரிச்சல் தருகிறது என்பதை மட்டும் வைத்து அது பக்கச்சார்பு என்று முடிவு கட்ட முடியாது.

பாக்குநீரிணை

செய்முறையாக ஒன்று சொல்கிறேன். பயிற்சிக்கு நல்லது, இலங்கைக் கடற்படை தமிழ்நாட்டு மீனவரைக் கைதுசெய்யும் செய்தி. இரு பக்கமும் தமிழ் என்பதால் மொழிபெயர்ப்புத் தொல்லையில்லை. ஒரு கைதை எடுத்து, அதே நாள் வந்த நான்கை வாசியுங்கள்: கடற்படையின் அறிக்கை, தமிழ்நாட்டு நாளிதழ் ஒன்று, யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்று, கொழும்பு நாளிதழ் ஒன்று. அறிக்கையை முதலில் வாசிக்க வேண்டும். உங்கள் வழமையான பத்திரிகையை முதலில் வாசித்தால் மற்ற மூன்றையும் அதன் கண்ணால்தான் பார்ப்பீர்கள். அநேகர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

ஒரு தாளில் நான்கு நிரல் போட்டு, ஒவ்வொன்றிலும் யார் பேசியிருக்கிறார், என்ன எண்ணிக்கை, எந்த இடம், எது இல்லை என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். தமிழ்நாட்டுச் செய்தியில் வடபகுதி மீனவரின் அறுந்த வலையும், கடலடியை வாரும் இழுவை மடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்ததும் அநேகமாக இராது. எங்கள் செய்தியில் பிடிபட்டவர் நாட்கூலி, படகு முதலாளி கரையில் இருக்கிறார் என்பது அநேகமாக இராது. கடற்படை அறிக்கையில் படகுக் கணக்கு இருக்கும், வலைக் கணக்கு இராது. நான்கிலும் ஒரு வரிகூடப் பொய் இல்லாமலே நான்கு வெவ்வேறு உலகம் கிடைக்கும். சொன்னது பொய்யா என்று மட்டும் தேடுகிறவருக்கு இது ஒருநாளும் பிடிபடாது.

வாரத்துக்கு ஒரு செய்தி, அரை மணித்தியாலம் போதும். தினமும் செய்யப் போனால் இரண்டாம் வாரத்தில் கைவிடுவீர்கள். இணையப் பதிப்பு பின்னேரத்துக்குள் திருத்தப்படும், ஆகவே திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள்.

பாராளுமன்றச் செய்தி என்றால் ஹன்சாட் (சபை உரைகளின் பதிவு), சட்டம் என்றால் வர்த்தமானி, பணவீக்கம் என்றால் தொகைமதிப்புத் திணைக்களத்தின் எண். மூல ஆவணம் இருக்கிற செய்தியைத் தெரிவுசெய்தால் வேலை பாதி.

வெள்ளவத்தை வாசகி

நன்றி. சிங்களப் பத்திரிகைக்கு என்ன வழி? கூகுள் மொழிபெயர்ப்பு நம்பலாமா?

கடைசிப்பக்கம்

விடயம் என்ன என்று அறிய உதவும், தொனியை அறிய உதவாது. ஆட்பெயரையும் எதிர்மறை வினையையும் குழப்பும். "இல்லை" விழுந்துபோனால் செய்தியே தலைகீழ். கதைக்க வருமென்றால் வாசிப்பை விடுங்கள், சிங்களத் தொலைக்காட்சியின் இரவுச் செய்தியில் முதல் 10 நிமிடத்தைக் கேளுங்கள். எந்தச் செய்தி எத்தனையாவதாக வந்தது என்று குறித்து சக்தியின் வரிசையோடு ஒப்பிடுங்கள். அதற்கு எழுத்தறிவு தேவையில்லை.

இரட்டை அம்பு

போனைப் பற்றி யாரும் சொல்லவில்லை. யூடியூபில் பார்த்த வரலாற்றை அழித்து, நிறுத்தியும் வைத்தால் முகப்பில் பரிந்துரைகள் வராது. சந்தா செய்த சானல்களை அதற்கான பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். தானாக அடுத்தது ஓடுவதையும் நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவை ஒட்டிய பரிந்துரைகள் அப்போதும் வரும், அதற்கு மருந்தில்லை. பேஸ்புக்கில் மெனுவுக்குள் 'ஃபீட்ஸ்' என்ற பகுதி நேர வரிசையில் காட்டும். ஆனால் செயலியைத் திறக்கும்போதெல்லாம் பழைய முகப்புக்கே போய் நிற்கும், ஒவ்வொரு தரமும் நீங்களே மாற்ற வேண்டும்.

வட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அந்தச் செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம். 2018இல் அம்பாறைச் சாப்பாட்டுக் கடை உணவில் மலடாக்கும் மாத்திரை கலந்தார்கள் என்று பரவிய கதையை நினைத்துப் பாருங்கள். அரச பகுப்பாய்வாளர் பார்த்தபோது அது மாவுக் கட்டி. அப்படி ஒன்று வந்தால் உள்ளடக்கத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். அதை விட்டு வெளியே வந்து, இடப்பெயரையும் ஆளின் பதவியையும் தேடலில் போட்டு வேறு யார் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். படம் என்றால் கூகுள் லென்ஸில் போட்டு அது முதலில் எப்போது வந்தது என்று தேடுங்கள். ஃபெக்ட் கிரசெண்டோ என்ற உண்மை சரிபார்ப்புத் தளம் இலங்கைச் செய்திகளைத் தமிழிலும் சரிபார்த்துப் போடுகிறது. மறுப்பைக் குழுவில் போடும்போது அனுப்பிய மாமாவுக்குத் தனியாக முதலில் அனுப்புங்கள். எல்லார் முன்னாலும் போட்டால் அவர் செய்தியை விட்டுவிட்டுத் தன் மானத்துக்காகத்தான் வாதாடுவார்.