நீள எஞ்சினை ஸ்டாண்டில் ஏற்றியவர்களின் அனுபவங்கள்

கோயம்புத்தூரிலிருந்து:

பழைய அமெரிக்கக் கார், ஒரு 1948 பியூக்கைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். நேர்வரிசையில் எட்டு சிலிண்டர். 1931 முதல் 1953 வரை பியூக் செய்த வகை இது. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. காற்றும் புகையும் போகிற குழாய்த்தொகுதி, அதாவது மானிஃபோல்டு, முழுக்க ஒரே பக்கம். எல்லாம் சேர்த்து 300 கிலோவைத் தாண்டும். கழற்றிய எஞ்சினை மாட்டித் திருப்பித் திருப்பி வேலை பார்க்கிற என் ஸ்டாண்டில் 450 கிலோ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதை நம்பி ஃபிளைவீலைக் கழற்றிவிட்டு, பின்பக்கத்தை ஸ்டாண்டின் தூணில் இருக்கும் பிளேட்டில் போல்ட்டால் முடுக்கி ஏற்றினேன்.

நல்ல வேளை, எஞ்சினைத் தூக்கிய செயின் பிளாக்கைக் கழற்றவில்லை. சங்கிலியைக் கொஞ்சம் தளர்த்தி மட்டும் விட்டேன். சாயங்காலம் கிராங்க் புல்லியிலிருந்து தரைக்கு டேப் பிடித்தபோது 71 செ.மீ. காலையில் 69.5. ராத்திரியில் யாரும் தொடவில்லை. குனிந்து பார்த்தால், தூண் அடிச்சட்டத்தில் சேரும் வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் முடியளவு விரிந்திருந்தது. நகத்தால் நெருடினேன், செதில் கழன்று விழுந்தது, உள்ளே பளபளவென்று புது இரும்பு தெரிந்தது. உடனே சங்கிலியை இழுத்து முழுப் பாரத்தையும் மேலே எடுத்துவிட்டேன்.

ஸ்டிக்கர் எடையை மட்டும்தான் சொல்கிறது. எடை பிளேட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது என்பதை அது சொல்வதில்லை. வி-8 எஞ்சினில் எட்டு சிலிண்டரும் நாலு நாலாக இரண்டு வரிசையில் இருக்கும், அதனால் குட்டை. அதன் பாரம் பிளேட்டிலிருந்து சுமார் 28 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த நேர்வரிசை எட்டு சிலிண்டரில் அது அரை மீட்டர். இரண்டும் 300 கிலோ என்றாலும், எடையைத் தூரத்தால் பெருக்கினால் ஒன்றுக்கு 84, மற்றதற்கு 150 வருகிறது. தூணின் அடியில் உள்ள வெல்டிங்தான் அந்த 150-ஐத் தாங்க வேண்டும். கடைக்காரரிடம் நான் எடையைக் கேட்டேனே தவிர நீளத்தைக் கேட்கவில்லை. பெரிய எஞ்சின் ஏற்றியவர்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து:

சார், என் அனுபவம் சின்ன எஞ்சினில்தான், ஆனால் ஆளுக்கு அடிபட்டது. அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரே கால், மூன்று சக்கரம். தண்ணி போகிற வாட்டத்துக்காகத் தரையில் ஒரு சின்னப் பள்ளம் விட்டிருந்தோம். பையன் பக்கவாட்டில் தள்ளினான். முன்சக்கரம் பள்ளத்தில் மாட்டியது, மொத்தமும் அப்படியே சாய்ந்தது. அவன் கால் விரல் இரண்டு நசுங்கி ஒன்றரை மாதம் வேலைக்கு வரவில்லை. அந்த ஸ்டாண்டை அன்றைக்கே அறுத்துப் போட்டேன். இப்போது வைத்திருப்பதில் நான்கு சக்கரம், முன்காலும் பின்கால் அளவுக்கே அகலம். எஞ்சின் ஏறிய பிறகு உருட்டுவதே இல்லை. சக்கரத்தைத் தூக்கிக் கட்டை கொடுத்துவிடுகிறோம்.

போல்ட்டையும் கவனியுங்கள். ஒரு பழைய அமெரிக்க எஞ்சினில் அரை இஞ்சு மரைக்கு 12 மில்லிமீட்டர் போல்ட் போட்டிருந்தார்கள். இரண்டு மூன்று சுற்று ஏறி இறுகின மாதிரி நிற்கும். ஆனால் மரையின் நுனியில்தான் பிடித்திருக்கும், பாரம் வந்தால் உருவிக்கொண்டு வரும். முதலில் கையாலேயே கடைசி வரை ஏறுகிறதா என்று பாருங்கள். அரை இஞ்சு போல்ட் என்றால் முக்கால் இஞ்சாவது உள்ளே போயிருக்க வேண்டும். இஞ்சு போல்ட்டின் தலையில் ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. மில்லிமீட்டரில் 10.9 என்று எண் போட்டிருக்கும். தலை மொட்டையாக இருந்தால் எங்கள் பட்டறையில் ஸ்டாண்டுக்குப் போடுவதில்லை.

ரொறன்ரோவிலிருந்து:

அண்ணை, நான் இஞ்ச வீட்டு கராஜில 1940 போர்ட் வி-8 ஒண்டு செய்யிறன். 1948 வரைக்கும் வந்த அந்த எஞ்சின்களில கிளச்சை மூடுற பெல் ஹவுசிங்கின்ர மேல்பாதி பிளொக்கோடயே வார்த்திருக்கும். அதால சாதாரண ஸ்ராண்டின்ர கைகள் பின்பக்கத்தில ஒழுங்காப் பொருந்தாது. நான் எக்ஸோஸ்ற் வாய் இருக்கிற பக்கத்தில பிடிக்கிற பிளேற் ஒண்டு வாங்கிப் போட்டன். பாரமும் பிளேற்றுக்குக் கிட்ட வந்திட்டுது. உங்கட எஞ்சினையும் பக்கத்தால பிடிக்க வழி இருக்கோ எண்டு பாருங்கோ.

இன்னொண்டு, தயவுசெய்து கவனியுங்கோ. எஞ்சினைத் திருப்பேக்க, அதைச் சுத்தாமப் பூட்டி வைக்கிற முள்ளை உருவின உடன அது தன்ர பாட்டில சுத்திச்சுது. கைபிடி என்ர முழங்கையில அடிச்சு நாலு நாள் கை தூக்க ஏலாமக் கிடந்தன். பாரத்தின்ர நடுவும் சுத்துற குழாயின்ர நடுவும் ஒரே கோட்டில இல்லாததுதான் காரணம். இப்ப வேர்ம் கியர் வைச்ச ஸ்ராண்ட் பாவிக்கிறன். கைபிடியைச் சுத்தினால்தான் திரும்பும், விட்டால் அந்த இடத்திலயே நிக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து:

தம்பி, மதுரை நண்பரே, இரண்டு பேருக்கும் நன்றி. பக்கவாட்டில் பிடிக்கலாமா என்று பார்த்தேன். மானிஃபோல்டு இல்லாத பக்கத்தில் வால்வு தள்ளுகிற கம்பிகளுக்கான தகட்டு மூடி வருகிறது. அங்கே பாரம் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. அதனால் இரண்டு தூண் வைத்துச் செய்யச் சொல்லிவிட்டேன். பின்னால் ஒரு பிளேட், முன்னால் எஞ்சின் மவுண்ட் வரும் இடத்தில் இன்னொரு பிளேட். இரண்டிலும் சுழலும் குழாய்கள் ஒரே நேரில் இல்லாவிட்டால் திருப்பும்போது பிளாக்கை முறுக்கிவிடும். லேத்காரர் இரண்டு குழாய்க்கும் நடுவே நூல் இழுத்துக் கட்டி, அது இரண்டு முனையிலும் நட்டநடுவில் வந்த பிறகுதான் டாக் (சின்னப் புள்ளி வெல்டிங்) அடித்தார். சக்கரமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதுவரை ஹெட்டையும் மானிஃபோல்டையும் கழற்றி, பிளாக்கை வேப்பமரச் சட்டத்தில் அடியில் சம்ப் (எண்ணெய்த் தொட்டி) பொருந்தும் விளிம்பு படுகிற மாதிரி உட்கார வைத்திருக்கிறோம். திருப்ப முடியாது, ஆனால் தினமும் காலையில் டேப் பிடிக்க வேண்டியதில்லை.