எக்ஸோடஸ் 1947: குடாக் கப்பலில் ஏன் 4,500 பேர்?

கல்லடி மாணவன்:
உயர்தர வரலாற்றுக்கு ஒப்படை செய்கிறேன். அன்று பிரித்தானிய ஆட்சியிலிருந்த பலஸ்தீனத்துக்கு யூத அகதிகளை ஏற்றிச்சென்ற எக்ஸோடஸ், அமெரிக்காவில் குடாவுக்குள்ளே ஓடிய பயணிகள் கப்பலாம். பிரித்தானியக் கடற்படை மறிக்கும் என்று தெரிந்தும் ஏன் அதைத் தெரிந்தெடுத்தார்கள்? எங்கே பிழை நேர்ந்தது?

ஒலுவில் மாலுமி:
தம்பி, அதன் பழைய பெயர் பிரெசிடென்ட் வார்ஃபீல்ட். 1928இல் கட்டியது, பால்டிமோருக்கும் நோர்ஃபோக்குக்கும் இடையில் செசபீக் குடாவில் சில நூறு பேரோடு ஓடியது. அடி உருக்கு, மேல்கட்டு முழுக்க மரம். யுத்தத்துக்குப் பிறகு மலிவாகக் கிடைத்தது. மறிக்க வரும் டிஸ்ட்ரோயர் போர்க்கப்பல்களின் தளத்தைவிட இதன் மேல்தளம் உயரம், அதனால் ஏறிப் பாய்வது கஷ்டம் என்று கணக்குப் போட்டார்கள். முடிந்தால் நேரே கரையில் ஏற்றிவிடுவது திட்டம்.

ஆனால் குடாக் கப்பல் பெருங்கடலுக்கு ஆனதல்ல. மாரியில் வாவி வள்ளத்தை முகத்துவாரத்துக்கு வெளியே விட்ட கதைதான்: 1947 பெப்ரவரியில் புறப்பட்ட கையோடு புயலில் தண்ணீர் ஏறி, திரும்ப வேண்டியதாயிற்று. பழுது பார்த்துத்தான் அத்லாந்திக்கைக் கடந்தது. இத்தாலியில் போர்த்தோ வெனெரேயில் உள்ளறைகளை உடைத்து அடுக்கடுக்காகப் படுக்கைப் பலகை அடித்தார்கள். ஏறுகிறவர்களைத் தடுக்க முள்கம்பியும், நீராவி பீய்ச்சும் குழாய்களும் பூட்டினார்கள்.

ஜூலை 11 விடியற்காலையில் பிரான்சின் செத் துறைமுகத்திலிருந்து சுமார் 4,500 பேரோடு, வழிகாட்டி மாலுமி இல்லாமலே வெளிக்கிட்டார்கள். வாயிலில் தரை தட்டி, பெரும்பாடு பட்டுக் கழன்றது. வாயிலில் மணல் சேரும் துறைமுகத்தை அறிந்த ஒலுவில்காரருக்கு அந்த ஆபத்தை விளக்கத் தேவையில்லை.

கல்லடி மாணவன்:
நன்றி அண்ணன். உயரம் அவ்வளவு பாதுகாப்பென்றால் எப்படி ஏறினார்கள்?

ஒலுவில் மாலுமி:
பிரித்தானியரும் அதே உயரத்தைக் கணக்கிட்டுத் தங்கள் கப்பல்களில் மேடை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஜூலை 18 அதிகாலை இருட்டில் பக்கவாட்டில் இடித்து, மேடையிலிருந்து பாய்ந்தார்கள். அங்கேதான் மரக் கட்டு காலை வாரியது: இடித்த இடமெல்லாம் உடைந்து வழி திறந்தது. சுக்கான் அறையை அவர்கள் பிடித்த பிறகும், பின்புறத்து அவசரச் சுக்கானால் கப்பலை ஓட்டினார்கள். கப்பல் அதிகாரி பில் பெர்ன்ஸ்டைனும் பயணிகள் இருவரும் இறந்தார்கள். காயக்காரர் கூடிக்கொண்டே போக, பயணத்தின் கட்டளையாளர் யோசி ஹரேல் நிறுத்தச் சொன்னார். கப்டன் ஐக் அரோனோவிச்சுக்கு அதில் உடன்பாடில்லை. என் பார்வையில் ஹரேல் செய்தது சரி. உள்ளே குழந்தைகள் நிறைந்திருந்த கப்பல், இன்னும் இடி வாங்கினால் கவிழ்ந்திருக்கும்.

கல்முனை வரலாறு:
மாலுமி நானா கப்பலைச் சொல்லிவிட்டார், சட்டப் பக்கத்தையும் ஒப்படையில் சேருங்கள் தம்பி. அன்றைய கரையோர எல்லை 3 கடல் மைல். மறித்தது அதற்கு வெகு வெளியே, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பொதுக் கடலில். பிரித்தானிய அரசின் கொள்கை அறிக்கையான 1939 வெள்ளை அறிக்கை, பலஸ்தீனத்துக்கு வரும் யூதர்களை 5 வருடத்துக்கு 75,000 பேர் என்று வரம்பிட்டது. யுத்தத்துக்குப் பிறகு மாதம் 1,500 அனுமதிதான். ஐரோப்பாவின் அகதி முகாம்களில் கிடந்தவர்களுக்கு அது எந்த மூலைக்கு?

1946 ஓகஸ்ட் முதல், பிடிபட்டவர்களை சைப்ரஸ் முகாம்களுக்குத்தான் அனுப்பினார்கள், மொத்தம் 50,000க்கும் மேல். எக்ஸோடஸ் ஆட்களை மட்டும் பலஸ்தீனத் துறைமுகமான ஹைஃபாவில் மூன்று கப்பல்களில் மாற்றி பிரான்சுக்கே திருப்பினார்கள். அங்கே போர்-டி-பூக் துறைமுகத்தில் விரும்பியவர் இறங்கலாம், வற்புறுத்த மாட்டோம் என்றது பிரான்ஸ். மிகச் சிலரே இறங்கினார்கள். மற்றவர்கள் ஓகஸ்ட் வெயிலில் மூன்று வாரத்துக்கு மேல் கப்பலுக்குள்ளேயே கிடந்தார்கள். கடைசியில் செப்டெம்பரில் ஹம்பர்க். நாசி முகாம்களிலிருந்து தப்பியவர்களை ஜேர்மன் மண்ணிலேயே பலவந்தமாக இறக்கி, லூபெக் அருகே வேலிக்குள் அடைத்தது உலகச் செய்தியாயிற்று. ஹைஃபாவில் இறக்கியதை பலஸ்தீனப் பிரச்சினையை ஆராய்ந்த ஐ.நா. விசாரணைக் குழுவினர் சிலர் நேரிலேயே கண்டிருந்தார்கள்.

இன்னொன்று: 1948 அரபு-இஸ்ரேல் யுத்தத்தில் சுமார் 7 லட்சம் பலஸ்தீன அரபு மக்கள் வீடிழந்து அகதியானதையும் அதே ஒப்படையில் எழுதுங்கள். விட்டுவிட்டால் பாதிதான் எழுதியதாகும்.