'ரன்' என்ற ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தமா?

கேள்வி:
ரன் என்றால் ஓடுவது, அவ்வளவுதான் என்று இருந்தேன். ஆங்கிலக் கட்டுரைகள் படிக்க ஆரம்பித்தால் கம்பெனியை ரன் பண்ணுகிறார்கள், மூக்கு ரன் ஆகிறது, துவைத்த துணியில் சாயம் ரன் ஆகிறது, தேர்தலில்கூட ரன் பண்ணுகிறார்கள். தெசாரஸைத் திறந்தால் மாற்றுச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. எதை எங்கே போடுவது?

பதில் 1:
நீங்கள் பிடித்தது பெரிய மீன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் ரன் என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு முன், 1989 பதிப்பில், 'செட்'தான் முதலிடம். மனப்பாடம் வேலைக்கு ஆகாது.

பதில் 2:
பக்கத்தில் என்ன சொல் வருகிறது என்று பாருங்கள், பாதி வேலை முடிந்தது. கம்பெனி என்றால் மேனேஜ், மெஷின் என்றால் ஆபரேட், சாயம் என்றால் பிளீட் (bleed). நண்பரை 'ரன் இன்டு' என்றால் தற்செயலாகச் சந்தித்தீர்கள், சுவரை என்றால் போய் மோதினீர்கள். தேர்தல் விஷயம்தான் வேடிக்கை: அமெரிக்காவில் வேட்பாளர் ரன் பண்ணுவார், பிரிட்டனில் ஸ்டாண்ட் பண்ணுவார். ஒருவர் ஓடுகிறார், ஒருவர் நிற்கிறார், இருவரும் கேட்பது ஓட்டுதான். தெசாரஸ் சொற்களை அகராதியின் உதாரண வாக்கியத்தில் வைத்துப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

கேட்டவர்:
சரி, அப்புறம் 'ரன் அவுட்'? கிரிக்கெட்டைத் தவிர?

பதில் 2:
தீர்ந்துபோவது. பெட்ரோல் 'ரன் அவுட்' ஆகும். ஆனால் 'நாங்கள்' என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு முன்னால் 'ஆஃப்' (of) கட்டாயம்.