தம்புச் செட்டித் தெரு ஆபீஸ் மெயில் சர்வர்: ஜிமெயிலுக்குப் போற பத்து மெயில்ல நாலு திரும்பி வருது

யார்டு_சிஸ்டம்ஸ்

மண்ணடியில ஒரு கிளியரிங் ஃபார்வர்டிங் ஆபீஸ். 14 மெயில்பாக்ஸ். சர்வர் ஆபீஸிலேயே இருக்கு: மினி பிசி, டெபியன் 12 (லினக்ஸ்), போஸ்ட்ஃபிக்ஸ் 3.7 (மெயில் அனுப்ப, வாங்க), டவ்காட் 2.3 (மெயில்பாக்ஸைத் திறந்து படிக்க), போஸ்ட்கிரே (ஸ்பாம் தடுப்பு), லெட்ஸ் என்க்ரிப்ட் சர்டிஃபிகேட். ஃபைபர் லைன், கூடவே ஒரு ஸ்டேட்டிக் ஐபி. பிடிஆர் ரெக்கார்டு (இந்த ஐபிக்கு என்ன பேர்னு சொல்ற டிஎன்எஸ் பதிவு) லைன்காரங்களே போட்டுக் கொடுத்துட்டாங்க, ரெண்டு பக்கமும் சரியா பொருந்துது. எஸ்பிஎஃப் (எந்த ஐபி நம்ம பேர்ல அனுப்பலாம்னு சொல்ற பட்டியல்), டிகிம் (மெயில்ல போடுற டிஜிட்டல் கையெழுத்து) ரெண்டும் பாஸ். சர்வருக்கு சர்வர் மெயில் போற போர்ட் 25 உள்ளே, வெளியே ரெண்டும் திறந்திருக்கு.

அப்படியும் பத்து மெயில்ல மூணு நாலு ஜிமெயில்ல இருந்து 550-5.7.25 சொல்லி திரும்பி வருது. பிடிஆர் இல்லைங்குது. அதே மெயிலை பத்து நிமிஷம் கழிச்சு அனுப்பினா போயிடுது.

வெளிநாட்டு ஷிப்பிங் லைன்ல இருந்து வர்ற டெலிவரி ஆர்டர் (டிஓ, சரக்கை எடுக்க அனுமதி) மெயில் ஒரு மணி நேரம், சில நாள் மூணு மணி நேரம் லேட். சாயங்காலத்துக்குள்ள டிஓ கைக்கு வரலேன்னா கண்டெய்னர் சிஎஃப்எஸ் யார்டுலயே நிக்கும், ஒரு நாள் கிரவுண்ட் ரெண்ட் (இட வாடகை) கூடும்.

பார்ட்டி அனுப்புற 8 எம்பி ஸ்கேன் பிடிஎஃப் 552 (அளவு மீறிடுச்சுங்கிற பிழை) வாங்கித் திரும்புது. லிமிட் 10 எம்பி தானே?

கடைசியா, இந்த மிஷினுக்கு மாறினதுல இருந்து காப்பியர்ல ஸ்கேன் டு மெயில் வேலை செய்யல. லாக்ல டிஎல்எஸ் (என்க்ரிப்ஷன்) அன்சப்போர்ட்டட் புரோட்டோகால்னு வருது. மைநெட்வொர்க்ஸ்ல (பாஸ்வேர்டு இல்லாம அனுப்ப விடுற ஐபி பட்டியல்) ஆபீஸ் லேன் மொத்தத்தையும் போட்டு, காப்பியர்ல டிஎல்எஸ் ஆஃப் பண்ணினா போகுது. அப்படியே விட்டுடலாமா?

---

கியூஐடி

பிடிஆர் சரியாக இருந்தும் சில மெயில் மட்டும் திரும்புகிறது, மறுபடி அனுப்பினால் போகிறது என்றால் ஐபிவி6 (புதிய வகை, நீளமான ஐபி முகவரி) மீதுதான் முதல் சந்தேகம். திரும்பி வந்த ஒரு மெயிலின் கியூ ஐடியை (ஒவ்வொரு மெயிலுக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் தரும் அடையாளக் குறி) எடுத்து மெயில் லாகில் தேடுங்கள். (டெபியன் 12-ஐப் புதிதாக நிறுவியிருந்தால் லாகை ஃபைலில் எழுதும் ஆர்சிஸ்லாக் இருக்காது, மெயில்.லாக் ஃபைலே உருவாகாது, ஜர்னல்சிடிஎல் கட்டளையில் பாருங்கள்.) அந்த வரியில் ரிலே= என்பதற்குப் பிறகு சதுர அடைப்புக்குள் கூகுளின் முகவரி இருக்கும். அது 2404:6800 என்று ஆரம்பித்தால் ஐபிவி6 வழியாகப் போயிருக்கிறது. போய்ச் சேர்ந்த மெயிலில் அதே இடத்தில் நான்கு எண் கொண்ட சாதாரண முகவரி இருக்கும்.

காரணம் இது. ஃபைபர் ரவுட்டர் மினி பிசிக்குத் தானாக ஒரு ஐபிவி6 முகவரியும் கொடுத்துவிடுகிறது. லைன்காரர் பிடிஆர் போட்டது ஸ்டேட்டிக் ஐபிவி4-க்கு மட்டும். போஸ்ட்ஃபிக்ஸில் எஸ்எம்டிபி_அட்ரஸ்_பிரிஃபரன்ஸ் கொடாநிலையில் எனி (எது வேண்டுமானாலும்) என்றே இருக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் ஐபிவி4, ஐபிவி6 இரண்டில் ஒன்றை அதுவே எடுத்துக்கொள்ளும். உங்கள் பத்துக்கு நாலு கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. எஸ்பிஎஃப்பில் நீங்கள் ஐபி4 மட்டும் எழுதியிருந்தால், ஐபிவி6 வழியாகப் போகும் மெயில் அதிலும் தோற்கும்.

போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்பு ஃபைலான மெயின்.சிஎஃப்-இல் ஐநெட்_ப்ரோட்டோகால்ஸ் = ஐபிவி4 என்று போடுங்கள். ரீலோட் போதாது, நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். மெயில் ஹோஸ்ட் பெயருக்கு டிஎன்எஸ்ஸில் குவாட்-ஏ ரெக்கார்டு (அந்தப் பெயருக்கான ஐபிவி6 முகவரி) இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அனுப்புகிறவர்கள் முதலில் அங்கே வந்து தட்டிப் பார்த்துக் காத்திருப்பார்கள். அட்ரஸ்_பிரிஃபரன்ஸை மட்டும் ஐபிவி4 என்று மாற்றும் வழியும் உண்டு. ஆனால் அதில் ஐபிவி4 இணைப்பு தோற்கிறபோது ஐபிவி6-க்குத் தாவிவிடும். உங்களுக்கு வேண்டாம்.

டிஓ தாமதத்துக்குக் காரணம் போஸ்ட்கிரே. முன்பின் தெரியாத சர்வர் வந்தால் 450 சொல்லி 300 விநாடி கழித்து வா என்று அனுப்பிவிடுகிறது. ஒரே ஐபியிலிருந்து அனுப்புகிறவர் திரும்ப வந்து சேர்த்துவிடுவார். பெரிய ஷிப்பிங் லைன்கள் கிளவுட் மெயிலில் இருக்கின்றன. முதல் முயற்சி ஒரு ஐபியிலிருந்தும் இரண்டாவது வேறொரு ஐபியிலிருந்தும் வரும். போஸ்ட்கிரே கடைசி எண்ணை விட்டுவிட்டு மீதியைத்தான் ஒப்பிடுகிறது. ஆனாலும் அவர்களின் ஐபிக்கூட்டம் அதைவிடப் பெரிது, அதனால் ஒவ்வொரு முயற்சியும் புது ஆள் மாதிரியே தெரியும். அனுப்புகிற சர்வரும் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் இடைவெளியை நீட்டிக்கொண்டே போகும். மூன்று மணி நேரம் இப்படித்தான் ஆகிறது.

வெள்ளைப் பட்டியலில் ஒவ்வொரு லைனாகச் சேர்த்துக்கொண்டிருந்தால் முடிவே இருக்காது. நேரம் முக்கியமான தொழிலில் போஸ்ட்கிரே செய்யும் இந்த கிரேலிஸ்டிங்கே கூடாது என்பது என் கட்சி. கழற்றிவிட்டு, போஸ்ட்ஃபிக்ஸோடு வரும் போஸ்ட்ஸ்கிரீன் என்ற வடிகட்டியைப் போடுங்கள். வரவேற்பு வரிக்கு முன் ஆறு விநாடி காத்திருக்கும் சோதனை ஒன்றே வைரஸ் பிடித்த மிஷின்கள் தள்ளும் பாட்நெட் குப்பையில் பெரும்பகுதியை வடிகட்டிவிடும். டீப் புரோட்டோகால் சோதனைகளை மட்டும் ஆன் செய்யாதீர்கள்: அவையும் புது ஆளை 450 சொல்லித் திருப்பி அனுப்பும், மறுபடி கிரேலிஸ்டிங் கதைதான்.

போஸ்ட்ஸ்கிரீனோடு ஸ்பாம்ஹவுஸ் ஜென் என்ற ஸ்பாம் ஐபிப் பட்டியலைச் சேர்க்கிறவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. சர்வரின் டிஎன்எஸ் கூகுளின் பொது 8.8.8.8 ஆக இருந்தால் ஸ்பாம்ஹவுஸ் பதில் தராது; 127.255.255.254 என்று ஒரு பிழைக் குறியைத் திருப்பும். எந்தப் பதில் வந்தாலும் தடு என்று எழுதி வைத்திருந்தால் அன்றைக்கு உலகத்தில் ஒருவருடைய மெயிலும் உள்ளே வராது. அன்பவுண்டை (சொந்தமாக டிஎன்எஸ் தேடும் ரிசால்வர்) அதே மிஷினில் போட்டு 127.0.0.1-ஐ ரிசால்வராக வையுங்கள், விதியில் 127.0.0.[2..11] என்று எல்லையும் எழுதுங்கள்.

552: லிமிட் 1,02,40,000 பைட். அது மெயில் முழுவதற்கும், இணைப்பு மாறிய பிறகான அளவில். இணைப்பை எழுத்தாக மாற்றும் பேஸ்64-இல் 3 பைட் 4 ஆகும், 76 எழுத்துக்கு ஒரு வரி முறிவும் சேரும், ஆக 1.37 மடங்கு. 8 எம்பி பிடிஎஃப் ஏறத்தாழ 11 எம்பியாகி வந்து நிற்கிறது. மெசேஜ்_சைஸ்_லிமிட்டை 3,67,00,160 ஆக்குங்கள். மெயில்பாக்ஸ்_சைஸ்_லிமிட் இதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. கொடாநிலையில் 5,12,00,000 என்பதால் இப்போதைக்கு இடிக்காது. மெசேஜ் லிமிட்டை 3,67,00,160-க்கு மேலே ஏற்றிப் பயனில்லை, எதிர்ப்பக்கத்தில் ஜிமெயில் அனுப்ப விடுவதே 25 எம்பி வரைதான். உங்கள் பக்கத்து ஸ்கேனில் 600 டிபிஐ கலரை 200 டிபிஐ கிரேவாக மாற்றினால் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் தெளிவாகவே வரும், ஃபைலும் நன்றாகச் சுருங்கும்.

---

ராயபுரம்_ரூட்

ஹார்பருக்கு எதிர்லயே ஆபீஸ் வெச்சிக்கினு போர்ட் திறந்திருக்கான்னு செக் பண்ற ஆளுங்க நாமதான் :)

காப்பியர் மேட்டருக்கு வரேன். மைநெட்வொர்க்ஸ்ல 192.168.1.0/24 மொத்தத்தையும் போட்டது ரொம்ப டேஞ்சர் தலைவா, இன்னிக்கே எடுத்துடுங்க. ஆபீஸ்ல ஏதாச்சும் ஒரு பிசிக்கு வைரஸ் வந்தா பாஸ்வேர்டே இல்லாம உங்க சர்வர் வழியா உலகத்துக்கே ஸ்பாம் தள்ளும். அதுவும் உங்க டிகிம் கையெழுத்தோட. ஐபி பிளாக்லிஸ்ட்ல ஏறிச்சுன்னா கஸ்டமருக்குப் போற மெயிலும் போச்சு.

முதல்ல ஒண்ணு கேக்கறேன். ஸ்கேன் எல்லாம் உங்க 14 மெயில்பாக்ஸுக்குள்ள மட்டும்தான் போவுதா? அப்படின்னா மைநெட்வொர்க்ஸே தேவையில்ல. ஊர்ல இருக்கிற யார் வேணும்னாலும் போர்ட் 25-ல வந்து உங்க டொமைனுக்கு மெயில் போடலாம், காப்பியரும் அதே மாதிரி போடலாம். டிஎல்எஸ் ஆஃப், யூசர் பாஸ்வேர்டு ஆஃப், சர்வர்னு உள் ஐபி, போர்ட் 25. சர்வர்ல டிஎல்எஸ் லெவல் மே-ன்னு (இருந்தாலும் சரி, இல்லேன்னாலும் சரி) இருக்கணும், என்க்ரிப்ட்னு இருக்கக் கூடாது.

அப்புறம் ஏன் லேனைச் சேர்த்தப்ப மட்டும் போச்சுன்னு கேப்பீங்க. ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, போஸ்ட்கிரே 450 சொல்லியிருக்கும். மெயில் சர்வர்னா திரும்ப வரும். காப்பியருக்கு கியூவே கிடையாது, ஒரு தபா முயற்சி பண்ணி ஃபெயில்னு பிரிண்ட் போட்டுட்டுக் கம்முனு உக்காந்துடும். ரெண்டாவது, ஹீலோவுல (கனெக்ட் ஆனதும் பேர் சொல்ற வரி) அது தன் பேரை காப்பியர்னு மொட்டையா சொல்லும். புள்ளி இல்லாத பேரை ரிஜெக்ட் பண்ற ரூல் இருந்தா அங்கயே அவுட். காப்பியருக்கு 192.168.1.40 மாதிரி ஒரு நிலையான ஐபி ஒதுக்கி, அந்த ஒரே ஐபிக்கு மட்டும் கிளையண்ட் அக்சஸ் மேப்ல ஓகே போட்டு, ஹீலோ ரூலுக்கு மேல வைங்க. ரிலே ரூல் தனியாத்தான் ஓடும், அதனால காப்பியரால வெளியாளுக்கு அனுப்ப முடியாது.

வெளியாளுக்கும் நேரா ஸ்கேன் போகணும்னா மைநெட்வொர்க்ஸ்ல 192.168.1.40/32, அவ்ளோதான். ஒரு ஐபிக்கு மேல வேணாம். நெட்ல சிலர் பாதுகாப்பு அளவைக் குறைச்சு (செக்லெவல் 0 பண்ணி) பழைய டிஎல்எஸ் 1.0 திறக்கச் சொல்லுவான். ஒரு காப்பியருக்காக மொத்த சர்வரையும் இறக்காதீங்க.

அப்படியே ரவுட்டர்ல இன்னொரு ரூல்: சர்வரைத் தவிர லேன்ல இருக்கிற எதுவும் வெளிய போர்ட் 25-க்குப் போகக் கூடாது. எல்லாம் ஒரே ஸ்டேட்டிக் ஐபில வெளிய போவுது, வைரஸ் பிசி சர்வரைத் தொடாமலே பேரைக் கெடுத்துடும்.

---

வியாசை_பாக்கெட்

கேட்ட நாலுக்கும் பதில் வந்துவிட்டது. ஆனால் அடிப்படையிலேயே சர்வர் இருக்கும் இடம் தப்பு என்று நினைக்கிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. சர்வர் விழுந்தால் அனுப்புகிறவர்கள் நாலைந்து நாள் முயற்சி செய்வார்கள் என்று பழைய பாடத்தில் இருக்கும். எல்லாரும் அப்படி இல்லை. மைக்ரோசாஃப்ட் கிளவுடிலிருந்து வருவது 24 மணி நேரத்தில் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். ஷிப்பிங் லைன்களில் பல பேர் அங்கேதான். விபிஎஸ்ஸுக்கு (டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுக்கும் சர்வர்) மாற்றுங்கள்.

---

கியூஐடி

விபிஎஸ் யோசனை சரி, ஒரு திருத்தத்தோடு. பல கிளவுட்காரர்கள் வெளியே போகும் போர்ட் 25-ஐ மூடியே வைத்திருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து ஐபிக்காரன் செய்கிற பாவமும் நம் தலையில் விழும். விபிஎஸ்ஸில் பெறுவதையும் சேமிப்பதையும் வைத்து, வெளியே அனுப்புவதை மட்டும் ஒரு ரிலே சேவை (நமக்காக மெயிலை அனுப்பித் தரும் நிறுவனம்) வழியாக போர்ட் 587-இல் விடலாம். ரிலேஹோஸ்ட்டில் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட மறக்காதீர்கள். அடைப்பு இல்லாவிட்டால் அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் (மெயில் வாங்கும் சர்வர் எது என்ற பதிவு) தேடிப் போய் வேறு எங்கோ நிற்கும். எஸ்பிஎஃப்பில் அவர்களின் இன்க்ளூட் சேரும். மொத்த டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டினால் பெர்ம்எரர் (நிரந்தரப் பிழை) ஆகிவிடும், எண்ணிப் பார்த்துச் சேர்க்கவும்.

மாறும் வரைக்கும் யுபிஎஸ்ஸில் மினி பிசியோடு ஃபைபர் பெட்டியையும் செருகுங்கள். அதை விட்டுவிட்டு சர்வருக்கு மட்டும் பேக்கப் கொடுத்து என்ன பயன்? இரண்டும் சேர்ந்து 25 வாட் இழுத்தால், 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் பாட்டரியில் இருப்பது 84 வாட் ஹவர், இழப்பு போக ஒன்றரை மணி நேரம்தான் கணக்கு. தரைத்தளத்தில் இருந்தால் தரையில் வைக்காதீர்கள், பரண் மேலே ஏற்றுங்கள்.

---

யார்டு_சிஸ்டம்ஸ்

லாக் பார்த்தேன். திரும்பினது எல்லாம் 2404:6800, போனது எல்லாம் ஐபிவி4. ஐநெட்_ப்ரோட்டோகால்ஸ் மாத்தி ரீஸ்டார்ட் பண்ணினதுக்கு அப்புறம் 60 மெயில் போயிருக்கு, ஒண்ணுகூட திரும்பல. போஸ்ட்கிரே எடுத்தாச்சு. காப்பியர் மைநெட்வொர்க்ஸ் இல்லாமலே போகுது, ஹீலோ பிரச்சினைதான். விபிஎஸ் பத்தி முதலாளிகிட்ட பேசறேன்.

இன்னொண்ணு இப்பதான் கண்ணுல பட்டது. சில பேர் அவுட்லுக்ல சர்டிஃபிகேட் காலாவதின்னு வருது. செர்ட்பாட் (சர்டிஃபிகேட் புதுப்பிக்கிற புரோகிராம்) போன மாசமே புதுப்பிச்சிருக்கு, ஃபைலைத் திறந்து பார்த்தா தேதி சரி.

---

ராயபுரம்_ரூட்

ஃபைல் புதுசு, டவ்காட் மெமரில வெச்சிருக்கிறது பழசு. லெட்ஸ் என்க்ரிப்ட்டின் ரெனியூவல்-ஹூக்ஸ் ஃபோல்டருக்குள்ள டிப்ளாய்னு ஒண்ணு இருக்கும். அதுல ரெண்டு வரி ஸ்கிரிப்ட் போடுங்க: சிஸ்டம்சிடிஎல் ரீலோட் போஸ்ட்ஃபிக்ஸ், சிஸ்டம்சிடிஎல் ரீலோட் டவ்காட். எக்ஸிக்யூட் பெர்மிஷன் கொடுக்கணும், கொடுக்கலேன்னா செர்ட்பாட் சத்தமே போடாம தாண்டிப் போயிடும். இப்போதைக்கு கையால ஒரு தபா ரீலோட் பண்ணிட்டு, ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையண்ட்ல போர்ட் 993-க்குப் (டவ்காட் கேக்கற போர்ட்) போய் என்ன தேதி காட்டுதுன்னு பாருங்க. ஃபைலைப் பாக்காதீங்க, போர்ட்டைப் பாருங்க.

டெபியன் 13-க்கு ஏத்தற ஐடியா இருந்தா அவசரப்படாதீங்க. அதுல டவ்காட் 2.4. மெயில்_லொகேஷன், எஸ்எஸ்எல்_செர்ட் எல்லாம் பேர் மாறியாச்சு, 2.3 கான்ஃபிக்கை அப்படியே வெச்சா சர்வீஸ் எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது.