பொருள்: எலி, லேசர், எதிர்ப்பாற்றல் – தலைப்புக்கு ஒரு சொல் தேவை

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் விலங்கியல் மாணவர்களுக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதி வருகிறேன். ஆய்வக எலிகள்மீது லேசர் பாய்ச்சினால் நோய் எதிர்ப்பு அணுக்கள் என்ன ஆகின்றன என்பது பாடம். பழைய குறிப்பில் ‘லேசர் கதிர்வீச்சுத் தூண்டல்’ என்று இருக்கிறது. அதைப் படித்த மாணவி, "எலிக்குப் புற்றுநோய் வந்துடாதா சார்?" என்றாள். கதிர்வீச்சு என்றால் எக்ஸ்ரேயும் கல்பாக்கமும்தானே நினைவுக்கு வரும்! 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற ஹங்கேரி மருத்துவருக்கும் இதே கேள்விதான். எலிகளின் மயிரை மழித்து, ரூபி லேசரின் சிவப்பொளியைக் காட்டிப் பார்த்தார். புற்றுநோய் வரவில்லை, மழித்த மயிர்தான் லேசர் படாத எலிகளைவிடச் சீக்கிரம் முளைத்தது. வேறு நல்ல சொல் சொல்லுங்கள்.

- சேலத்திலிருந்து

தம்பிக்கு,

கதிர்வீச்சை விட்டுவிடுங்கள், ‘ஒளி’ போதும். தலைப்பில் லேசரும் வேண்டாம்; எல்.இ.டி. விளக்கைக் கொண்டும் இதே ஆய்வைச் செய்கிறார்கள். ‘தூண்டல்’ கூடவே கூடாது. குறைந்த அளவில் விழுங்கணுக்களை (கிருமிகளை விழுங்கும் நோய் எதிர்ப்பு அணுக்களை) சுறுசுறுப்பாக்கும் சிவப்பொளி, அளவு மிஞ்சினால் அவற்றை மந்தமாக்கிவிடும். புற ஊதா ஒளியோ நோய் எதிர்ப்பாற்றலை நேராகவே ஒடுக்கும். 1970களில் அமெரிக்க ஆய்வாளர் மார்கரெட் கிரிப்கே காட்டியது நினைவிருக்கிறதா? புற ஊதாவால் எலித்தோலில் வந்த கட்டியை எடுத்துப் புற ஊதா படாத வேறு எலிக்கு வைத்தால் அதன் உடம்பு கட்டியை ஒழித்துவிடும். முன்பே புற ஊதா பட்ட எலியில் வைத்தால் கட்டி வளரும்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து நிழல் மரத்தைக் கவாத்து செய்பவரிடம் வெயில் நல்லதா கெட்டதா என்று கேட்டால், "எவ்வளவு வெயில்?" என்றுதான் திருப்பிக் கேட்பார். ஆகவே கூடுவது, குறைவது இரண்டுக்கும் இடம் தரும் சொல் வேண்டும். ‘ஒளி எதிர்ப்பாற்றல் மட்டுறுத்தல்’ எப்படி?

- ஏற்காட்டிலிருந்து

ஐயா,

மட்டுறுத்தல் என்றதும் நம் மடல்களைப் பார்த்து வெளியிடும் குழும மட்டுறுத்துநர்தான் கண்முன் வருகிறார். அவர் கூட்டியதை யார் பார்த்தது, வெட்டியதைத்தான் பார்த்திருக்கிறோம்! தவிர, ‘ஒளி எதிர்ப்பாற்றல்’ என்றால் ஒளியை எதிர்க்கும் ஆற்றல் என்று ஆகிவிடுகிறது. எதிர்ப்பாற்றலுக்குப் பாடநூல் சொல்லும் ‘தடைக்காப்பு’ இன்னும் மோசம். ‘ஒளித்தடைக்காப்பு’ என்றால் கூலிங் கிளாஸ்தான்.

‘ஒளிமின் விளைவு’ பள்ளியிலேயே பழகிய சொல். விளைவு என்பது எந்தப் பக்கமும் சாயாது. ‘ஒளிவழி எதிர்ப்பாற்றல் விளைவு’ என்று வைத்துக்கொள்ளட்டுமா? உட்பிரிவுகளில் கூடுவதற்கு ‘ஒளித்தூண்டல்’, குறைவதற்கு ‘ஒளியொடுக்கம்’.

தம்பி,

சரி, நீளம்தான், ஆனாலும் ‘வழி’ இருக்கட்டும். அது இல்லாவிட்டால் குழப்பம். ஒன்று மட்டும். குறிப்பில் இந்தச் சொல் வரும் இடமெல்லாம் அலைநீளத்தையும், சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஜூல் ஒளியாற்றல் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். ஹீலியம்-நியான் லேசர் என்றால் 632.8 நானோமீட்டர் என்பதுபோல. இல்லாவிட்டால் ‘லேசர் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று சத்துமாவு விளம்பரம் மாதிரி விடைத்தாளில் எழுதி வைப்பார்கள்.

மறுப்பு இல்லையென்றால் மட்டுறுத்துநர் மூன்று சொற்களையும் பட்டியலில் ஏற்றிவிடலாம்.